இருபத்தேழாம் பக்கத்து முத்திரை

இன்று காலை எழுந்ததும், பால்காரர் மணி அடிப்பதற்கு முன்பே, பரணிலிருந்து உன் தகரப் பெட்டியை இறக்கி, உன் பழைய அட்லாஸை மடியில் வைத்துக்கொண்டு அதற்குள் இருந்த படங்களை எண்ணினேன். பத்து இருந்தன. இரண்டு அடுக்கு இறக்கைக்கு நடுவே கம்பி இழுத்துக் கட்டிய பழங்கால விமானங்கள் நான்கு, மூன்று இஞ்ஜின் வைத்த பயணிகள் விமானம் ஒன்று, போர் விமானங்கள் ஐந்து. எல்லாவற்றின் ஓரமும் ஒரே நேர்கோடாக இருக்கிறது. ஸ்கேல் வைத்து பிளேடால் இழுத்திருக்கிறாய். எந்தக் காரியத்தையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று உன்னைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இதையும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாய். பதினொன்றாவது படம் இங்கே இல்லை. அது பெங்களூரில் உன் அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை உன் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வத்திராயிருப்பில் உனக்குப் பெண் நிச்சயம் செய்த அன்று, பந்தி முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, உன் வருங்கால மாமனார் சாதாரணமாகத்தான் கேட்டார், தென்னந்தோப்பும் வயலுமாக இருக்கிற இந்தப் பக்கத்துப் பையனுக்கு விமானத்தின்மேல் எப்படி ஆசை வந்தது என்று. நீ வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாய்: "எங்கம்மா லைப்ரரியில பிளேன் புஸ்தகமாக் கெடந்துச்சு மாமா. ஒருத்தரும் தொட மாட்டாங்க. நைசா பிளேடு போட்டு நல்ல படமா எடுத்துக்கிருவேன். ஒண்ணு இப்பவும் பெங்களூர்ல என் ரூம் செவுத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன். கடைசியில ஒரு பாய் மாட்டிக்கிட்டாரு, பாவம்." கூடம் சிரித்தது. உன் அப்பா எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். அவர் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார். பெண்ணின் அத்தை என் தொடையில் தட்டி, "அவிய லைப்ரரி, அவிய மகன். கேக்க யாரு இருக்கா?" என்றாள். நானும் சிரித்தேன். என் முகம் சிரித்ததை நான் உணர்ந்தேன், அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் உள்வாசல் பக்கம் நின்றிருந்த அந்தப் பெண், நீ கட்டிக்கொள்ளப் போகிறவள், மெதுவாக ஒன்று கேட்டாள்: "அந்தப் பாய் பொறவு என்ன ஆனாரு?" நீ மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாய். யாரோ பாயசம் இன்னொரு தம்ளர் வேண்டுமா என்றார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நான்கு நாளாக அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது. இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் இதை வேறு யாராவது படித்தாலும் புரிய வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ராஜபாளையத்திலிருந்து தினமும் காலை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பஞ்சாலை அறக்கட்டளை நடத்தும் சிறிய நூல் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவள். உனக்கு ஆறு வயது ஆனபோது அந்த வேலைக்குச் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒருநாள் மாட்டு வண்டியில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்று ராஜபாளையத்தில் காலமான ஒருவருடைய புத்தகங்கள் அவை. அவர் மனைவி வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். இருபத்துமூன்று புத்தகங்கள், எல்லாம் ஆங்கிலம், எல்லாம் விமானம். மணல்மேட்டில் இரண்டு சகோதரர்கள் சில விநாடிகள் பறந்ததிலிருந்து ஜெட் விமானம் வரைக்கும் வரலாறு. இஞ்ஜின்களைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படங்கள். வானத்தில் போவதை நிழலை வைத்தே இன்னதென்று சொல்லிவிடப் பழக்கும் கையேடுகள். செயலாளர் பார்த்துவிட்டு, இதை இந்த ஊரில் யார் படிக்கப் போகிறார்கள் என்றார். நான்தான் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, முத்திரை குத்தினேன்.

முத்திரை குத்துவதில் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் குத்துவது ஊருக்குத் தெரியும். அதைக் கிழித்துவிட்டால் புத்தகம் யாருடையது என்று தெரியாமல் போய்விடும் அல்லவா? அதனால் உள்ளே எங்காவது ஒரு பக்கத்தை முடிவு செய்து, எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தில் ஒரு முத்திரை வைப்போம். ரகசியப் பக்கம் என்போம். எங்கள் நூல் நிலையத்துக்கு அது இருபத்தேழாம் பக்கம். எனக்கும் செயலாளருக்கும் மட்டும்தான் தெரியும். உனக்குக்கூட நான் சொன்னதில்லை. அந்தப் பெட்டியில் இருந்த மிகப் பெரிய புத்தகத்தில் இருபத்தேழாம் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் ஒரு பறக்கும் படகு இருக்கும். நான்கு இஞ்ஜின், தண்ணீரில் இறங்குவதற்காகப் படகு போன்ற அடிவயிறு. அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து தபால் மூட்டைகளைக் கொண்டுவந்து வடக்கே ஏரிகளில் இறங்கிய வகை.

யார் படிக்கப் போகிறார்கள் என்று செயலாளர் கேட்டதற்கு ஒரு மாதத்தில் பதில் வந்தது. ஜமால் மைதீன். பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர். அப்போது முப்பதைத் தாண்டியிருப்பார். எஸ்.எஸ்.எல்.சி. வரை படிப்பு. ஒரு கையில் அகராதியை வைத்துக்கொண்டு அந்த இருபத்துமூன்று புத்தகங்களையும் ஒன்று விடாமல் படித்தார், முடித்ததும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். வாழ்க்கையில் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. பத்திரிகை படிக்க வருகிறவர்கள், "என்ன பாய், இன்னைக்கு எந்த ஊருக்குப் பறக்கீரு?" என்று வம்புக்கு இழுப்பார்கள். "காத்து சரியில்ல, நாளைக்குத்தான்" என்பார். பறக்கும் படகின் படத்தைப் பார்த்த வாரம், பெரியகுளம் கண்மாய்க் கரையைக் காலால் அளந்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "கண்மாய் நெறஞ்சு மறுகால் போற வருசம்னா தாராளமா எறக்கிரலாம் மேடம். தூக்குறதுதான் செத்த செரமம்."

அவருக்கு இன்னொரு பழக்கம். புத்தகத்தில் ஒரு பிழை கண்டால் தன் கடை பில்லின் பின்பக்கம் எழுதி அந்த இடத்தில் செருகி வைப்பார். புத்தகத்தில் பேனாவை வைக்க மாட்டார். ஒரு சீட்டு எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது: 'இந்தப் படத்துக்கும் எதிர்ப் படத்துக்கும் பெயர் மாறிவிட்டது. இந்தப் பெயருள்ள விமானத்துக்கு இஞ்ஜின் வட்டமாக இருக்க வேண்டும். இதில் நீளவாக்கில் இருக்கிறது.' அச்சடித்த புத்தகத்தில் பிழை இருக்க முடியும் என்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். கல்லூரிப் படிப்பு படித்தவள் நான்.

நீ சனிக்கிழமைகளில் என்னோடு வருவாய். உனக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. நான் இருக்கும்போது உனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். பின்னறையில் அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அந்தப் புத்தகங்களைப் புரட்டுவாய். நீ சத்தம் இல்லாமல் இருப்பதைப் பார்த்து எனக்கு நிம்மதி. பிள்ளை சத்தம் இல்லாமல் இருந்தால் போய்ப் பார்க்க வேண்டும் என்பது நீ தவழ்ந்த காலத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. நீ வளர்ந்ததும் மறந்துவிட்டேன்.

நீ பிளஸ் டூ படித்த வருடம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கதவைத் திறக்கும்போதே ஜமால் மைதீன் வாசலில் நின்றிருந்தார். முந்தின நாள் மாலை அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்துப் போயிருந்தார். நான் திறந்துகூடப் பார்க்காமல் தேதி குத்திக் கொடுத்திருந்தேன். அவர் வீட்டில் போய், முன்னால் இருக்கிற படப் பட்டியலை வைத்துச் சரிபார்த்திருக்கிறார். பதினொரு படங்கள் இல்லை. மேசைமேல் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு இடமாகக் காட்டினார். வேறு யாராக இருந்தாலும் சத்தம் காட்டாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள், எனக்கும் தெரிந்திருக்காது. அவர் ஒருவர்தான் படங்களை எண்ணுகிறவர். எண்ணியதுதான் அவர் செய்த தவறு.

எங்கள் விதிப்படி புத்தகம் யார் கையிலிருந்து சேதத்தோடு வருகிறதோ அவரே பொறுப்பு. எடுத்தவர்களின் எண்களை எழுதும் தாளில் மேலிருந்து கீழ்வரை அவர் எண் மட்டும்தான். வெட்டுப்பட்ட இடங்களில் இரண்டில் அவருடைய சீட்டுகள் இன்னும் இருந்தன. பத்திரிகை மேசையில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "பிளேன் கிறுக்கு ஊருக்குள்ள ஒமக்கு மட்டுந்தானய்யா இருக்கு. வேற எவன் வெட்டப் போறான்?" என்றார். ஜமால் மைதீன் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "படத்த வெட்டுறவன் சீட்ட வச்சிட்டுப் போவானா மேடம்?" என்று கேட்டார். திங்கள்கிழமை வாருங்கள், பார்க்கலாம் என்று அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மேசையை ஒழுங்கு செய்தேன். கணக்கு குரூப் படிக்கிறவன் மேசையில், பாடப் புத்தகங்களுக்கு மேலே, பத்தாம் வகுப்பு அட்லாஸ் எதற்கு என்று எடுத்தேன். படங்கள் சரிந்து விழுந்தன. முதலில் விழுந்தது பறக்கும் படகு. திருப்பினேன். ஊதா மையில் என் முத்திரை, கொஞ்சம் சாய்வாக. நான் எப்போதும் சாய்வாகத்தான் குத்துவேன். பிறகு எல்லாவற்றையும் பொறுக்கி, இருந்த வரிசையிலேயே வைத்து மூடினேன். உன்னிடம் கேட்கவில்லை. நீ டியூஷனிலிருந்து வந்து, மேசை துடைத்திருப்பதைப் பார்த்தாய், அட்லாஸ் இருந்த இடத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். நான் வாய் திறப்பேன் என்று நீ காத்திருந்தாய். நீயே சொல்லிவிடுவாய் என்று நான் காத்திருந்தேன். அப்புறம், "என்ன கொழம்பும்மா?" என்று கேட்டாய். புளிக்குழம்பு என்றேன். நமக்குள் அன்று ஓர் ஒப்பந்தம் ஆகிவிட்டது. உன்னை விட்டுவிட்டு என்னைச் சொல்கிறேன்: உனக்குப் பதினேழு வயது, எனக்கு நாற்பது.

திங்கள்கிழமை செயலாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உறுதியாத் தெரியுமாம்மா?" தெரியும் சார் என்றேன். அறிக்கை எழுதினேன். அறிவிப்புப் பலகையில் என் அழகான கையெழுத்தில், நூல்களிலிருந்து படங்களை வெட்டிய குற்றத்துக்காக இன்ன உறுப்பினர் நீக்கப்படுகிறார் என்று அவர் பெயரைப் போட்டு எழுதி, நான்கு மூலையிலும் ஊசி குத்தினேன். அவருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்த தலைமையாசிரியருக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அன்று மாலை நீ அதே ஊரில் இருந்த உன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைத் தோளில் போட்டபடி பலகையைப் படித்தாய். இரண்டு தடவை படித்தாய் என்று நினைக்கிறேன். உள்ளே வந்து பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, பின்னறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாய்.

அந்தப் பெண் கேட்டாளே, அவர் என்ன ஆனார் என்று. ஒன்றும் ஆகவில்லை. கடை இருக்கிறது. பிள்ளைகளைப் படிக்கவைத்தார். நூல் நிலையம் இருக்கும் தெரு வழியாக நடப்பதை விட்டுவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டுமானால் சுற்றிக்கொண்டு போகிறார். தலைமையாசிரியர் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். பிறகு ஊர் அவருக்கு ஒரு பெயர் வைத்தது. பிளேடு பாய். முதலில் கேலியாகச் சொன்னார்கள். இப்போது காரணம் தெரியாதவர்கள்கூட விலாசமாகவே சொல்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து எங்கள் நூல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண், போன மாதம் பில் கொண்டுவந்து, "பிளேடு பாய் கடையில பல்பு வாங்குனேன் மேடம்" என்றாள். உன் கல்யாணப் பந்தலுக்கு சீரியல் செட் போட உன் அப்பா சொல்லியிருப்பதும் அவரிடம்தான். அவர் மறுக்கவில்லையாம். தேதியைக் குறித்துக்கொண்டாராம்.

நீ என்ன ஆனாய் என்பதையும் எழுத வேண்டும். பெங்களூரில் விமானத் தொழிற்சாலை வேலைக்கு நேர்முகத் தேர்வு முடிந்து வந்த அன்று நீ நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தாய். ஒரு பழைய விமானத்தின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டார்களாம். எல்லாப் பையன்களும் ஒரு பெயரைச் சொல்ல, நீ மட்டும், அந்தப் பெயருள்ள விமானத்துக்கு இஞ்ஜின் வட்டமாக இருக்க வேண்டும், இதில் நீளவாக்கில் இருக்கிறது, அதனால் இது வேறு என்றாயாம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். உன் அப்பா உன்னைக் கட்டிக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நீ சொன்னது பில்லின் பின்பக்கம் எழுதியிருந்த வாக்கியம். ஒரு சொல்லைக்கூட நீ மாற்றவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நான் ஒருநாள் மனத்தைத் தேற்றிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அறுபது வாட் பல்பு ஒன்று கேட்டேன். ஹோல்டரில் மாட்டி எரியவைத்துக் காட்டி, தாளில் சுற்றிக் கொடுத்தார். வேறு ஏதும் வேணுமா மேடம் என்றார். இல்லை என்று வந்துவிட்டேன். வீட்டில் வந்து அழுதபோது, நல்லவேளை சொல்லவில்லை என்றும் தோன்றியது. சொல்லியிருந்தால் அவர், விடுங்க மேடம் என்றிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். நான் இலேசான மனதோடு பஸ் ஏறியிருப்பேன். அவர் பிளேடு பாயாகவே இருந்திருப்பார். பலகையில் எழுதி ஊருக்குச் சொன்னதை, கடைக்குள் நின்று காதோடு திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

கல்யாணத்துக்கு முன் பிள்ளைக்குப் பெற்றவள் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் நான்கு நாளாக யோசித்ததில் ஒன்று தோன்றுகிறது. நீ பிழை செய்தபோது சின்னப் பையன். அதை நான் மன்னிக்க வேண்டியதுகூட இல்லை. அழகான படத்தை யாருக்குத்தான் வைத்துக்கொள்ளத் தோன்றாது. நான் தாங்க முடியாமல் தவிப்பது போன ஞாயிற்றுக்கிழமையைத்தான். இருபத்துநான்கு வயதில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அதைச் சிரிப்பதற்குரிய கதையாக நீ சொன்னாய். பாவம் என்ற சொல்லை எவ்வளவு எளிதாகச் சொன்னாய். நான் உன்னைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் உனக்கு வெட்கம் வரவேண்டிய ஒரே நாளை உன்னிடமிருந்து எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். இனி உனக்காக அந்த ஒளித்து வைக்கும் வேலையைச் செய்ய அந்தப் பெண்ணைப் பழக்காதே. அவள் கேட்கிறவள். அவள் கேட்கும்போது பாயசம் வேண்டுமா என்று பேச்சை மாற்றுகிறவர்கள் உன் வீட்டில் எப்போதும் இருப்பார்கள், நானே இருந்திருக்கிறேன்.

கல்யாணம் முடியட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிளஸ் டூ முடியட்டும் என்று ஒருகாலத்தில் நினைத்தேன். பிறகு இன்டர்வியூ முடியட்டும், வேலை நிரந்தரமாகட்டும், நிச்சயம் ஆகட்டும். ஏழு வருடங்களும் இப்படித்தான் போயின. அடுத்தது பேரப்பிள்ளை பிறக்கட்டும் என்று வரும்.

அதனால், பால் காய்ந்து பொங்கி வழிந்ததைத் துடைத்துவிட்டு, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இன்னும் உன் அப்பாவிடம் சொல்லவில்லை. செயலாளரிடம் சொல்லவில்லை. ஜமால் மைதீனிடமும் சொல்லவில்லை. இன்று அந்தப் பெரிய புத்தகத்தில் இந்தப் பத்துப் படங்களையும் அதனதன் இடத்தில் பசை தடவி ஒட்டப் போகிறேன். பறக்கும் படகின் இடத்தை அப்படியே விடுவேன். அது உன் சுவரில், பின்பக்கத்து என் முத்திரை சுவரைப் பார்த்தபடி மாட்டியிருக்கிறது. நீ கொண்டுவந்தால் ஒட்டுவேன். இந்தக் கடிதத்தைக் கார்பன் வைத்து இரண்டு பிரதியாக எழுதுகிறேன். ஒன்று உனக்குத் தபாலில் வருகிறது. உன் கைக்கு அது வந்து சேர்வதற்குள், இன்னொன்றை, உன் பெயரையும் என் பெயரையும் கீழே தெளிவாக எழுதி, அதே அறிவிப்புப் பலகையில் நான்கு மூலையிலும் ஊசி குத்தியிருப்பேன். என் வேலை போகலாம். வத்திராயிருப்பிலிருந்து யாராவது வந்து படித்துவிட்டு, கல்யாணத்தைப் பற்றி என்னிடம் கேட்கலாம். நாளை காலை கதவைத் திறந்ததும் பலகையில் ஊசி குத்துவதுதான் என் முதல் வேலை.